ஜன்னல் பக்கத்து இடுக்கு

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் பெண்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை என்று சொல்பவர்கள் பஸ்ஸில் போகாதவர்கள். நிற்கிறவளுக்கு இரண்டு கால் இருக்கிறது. ஓர் அடி தள்ளி நிற்கலாம், திரும்பி முறைக்கலாம், தெரியாத மாதிரி காலை மிதித்துவிட்டு ‘ஐயோ சாரி’ என்று சொல்லலாம். உட்கார்ந்திருப்பவளுக்கு இருப்பது ஒரு மடி. எங்கள் வழியில் அதுவும் அவளுக்குச் சொந்தமில்லை. நிற்கிறவர்கள் பையைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்துவிடுவார்கள். ‘கொஞ்சம் வெச்சுக்கங்கம்மா’ என்று கேட்டு வைப்பவர்கள் உண்டு, கேட்காமலே வைப்பவர்களும் உண்டு. காலேஜ் பிள்ளைகளின் புத்தகப் பை, யாரோ வாங்கிப் போகிற கீரைக்கட்டு, ஹெல்மெட், ஒரு தடவை கூண்டோடு ஒரு முயல். எல்லாவற்றையும் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வேண்டாம் என்று சொல்லுகிற வழக்கம் இல்லை. சொன்னால், உட்கார்ந்து வருகிற கொழுப்பு என்பார்கள்.

இரண்டு கையும் அப்படிக் கட்டுப்பட்டுக் கிடக்கும்போது பின்னாலிருந்து மூன்றாவதாக ஒரு கை வந்தால் என்ன செய்வது? எட்டு மாதம் எனக்கு இதே யோசனைதான். வேறு எதையும் யோசிக்க நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

நான் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற வேலை. அப்பர் என்போம். வீடு ஆலங்காயத்துக்குக் கொஞ்சம் முன்னால். காலையில் ஆறே கால் டவுன் பஸ்ஸில் ஏறினால் ஏழரைக்குக் கம்பெனி வாசல். சாயங்காலம் அதே பஸ்ஸோ அதற்கடுத்த பஸ்ஸோ. போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். எங்கள் லைனில் நாற்பது பெண்கள் இருக்கிறோம். எங்களுக்கெல்லாம் தூக்கம் என்பது பாதி வீட்டிலும் பாதி பஸ்ஸிலும்தான். டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம் ஆன பிறகு கூட்டமும் ஜாஸ்தி. பேச்சும் ஜாஸ்தி. ‘ஓசி’ என்ற சொல்லை நான் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது கேட்கிறேன்.

என் பக்கத்தில் எப்போதும் எங்கள் லைன் லீடர் உட்காருவார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு முட்டிவலி. காலை நீட்ட வேண்டும் என்பதால் நடைபாதைப் பக்கம் அவருக்கு, ஜன்னல் பக்கம் எனக்கு. பெண்கள் வரிசை முடிகிற இடத்தில்தான் எங்களுக்குப் பெரும்பாலும் சீட் கிடைக்கும். அதற்குப் பின்னால் ஆண்கள். சீட்டின் முதுகுக்கும் பஸ்ஸின் தகரத்துக்கும் நடுவில் நாலு விரல் நுழைகிற இடுக்கு ஒன்று உண்டு. பஸ் கட்டுகிறவர்கள் எதற்காக அதை விட்டுவைக்கிறார்களோ தெரியாது. எனக்குப் பின் சீட்டில் வருகிற ஓர் ஆளுக்குத் தெரிந்திருந்தது.

ஐம்பது வயதிருக்கும். தேய்த்த சட்டை, கையில் டிபன் கேரியர். மூட்டையோடு யாராவது ஏறினால் எழுந்து கை கொடுப்பான். கண்டக்டருக்குச் சில்லறை இல்லையென்றால் தன் பையிலிருந்து எடுத்துத் தருவான். பஸ்ஸில் அவனைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை யாரும் சொல்லமாட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் எனக்குப் பின் சீட். நான் கண்ணை மூடினால், ஐந்து நிமிஷத்தில் அந்த இடுக்கு வழியாக விரல் வரும். முதலில் முதுகின் ஓரம், பிறகு விலா, பிறகு இன்னும் முன்னால். நான் அசைந்தால் போய்விடும். அசையாவிட்டால் வளரும்.

என்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன். சாப்பாட்டு டப்பாவை இடுக்கில் செருகினேன், அதைத் தள்ளிவிட்டு வந்தது. குடையைச் செருகினேன், அதையும் ஓரமாக ஒதுக்கியது. முழங்கையைப் பின்னால் நீட்டியே வைத்திருந்தேன், மெஷினில் உட்காரும்போது தோள் பிடித்துக்கொண்டது. முதுகைச் சாய்க்காமல் முன்னால் குனிந்தபடி ஒன்றேகால் மணி நேரம் வந்திருக்கிறேன், கோயில் வாசலில் படுத்திருக்கிறவர்கள்கூட என்னைவிட சௌகரியமாக இருப்பார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தடுப்பு, தூங்காமல் இருப்பது. எட்டு மாதம் நான் பஸ்ஸில் தூங்கவில்லை. தலை கனக்கும், கண் எரியும், பக்கத்தில் அக்கா வாயைத் திறந்துகொண்டு தூங்குவார், நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அவன்மேல் வந்த கோபத்தில் முக்கால் பாகம் அந்தத் தூக்கத்துக்காகத்தான்.

ஊக்கு இல்லையா என்று கேட்பீர்கள். ஊரில் எல்லாப் பெண்களிடமும் உண்டு. ஷூ கம்பெனிப் பெண்களிடம் மட்டும் இருக்காது. இரும்புத் துணுக்கு எதுவும் ஷூவுக்குள் போய்விடக் கூடாது என்று ஊக்கு, வளையல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் வாசலிலேயே தடுத்துவிடுவார்கள். புடவைக்கு ஊக்கு குத்த முடியாது என்றே முக்கால்வாசிப் பேர் சுடிதாருக்கு மாறினோம். ஊரெல்லாம் ஊக்கோடு பஸ் ஏறும்போது நாங்கள் நாற்பது பேர் வெறுங்கையோடு ஏறுவோம்.

சத்தம் போட்டிருக்கலாமே என்றும் கேட்பீர்கள். ஒரு தடவை போட்டேன். இந்தக் கம்பெனிக்கு வந்த புதிதில், வேறொரு பஸ்ஸில், வேறொருவன். அன்று கத்தியதோடு நிற்காமல் வீட்டிலும் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார். குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. மறுநாள் பஸ் ஸ்டாப்பில் போய் நின்று, கண்ணில் பட்ட இரண்டு பேரிடம் சண்டை போட்டுவிட்டு வந்தார். வந்து, ‘நாளையிலருந்து நீ போவாத’ என்றார். மாமியார், ‘முள்ளு மேல சேலை பட்டாலும் சேலை மேல முள்ளு பட்டாலும் கிழியறது சேலைதான்’ என்று முடித்து வைத்தார். இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்தேன். அந்த இரண்டு வருஷத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத இஷ்டமில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையனைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு, என் சம்பளமும் வேண்டும் என்று ஆனபோதுதான், ‘பேஜார் இல்லாம போய் வர்றதா இருந்தா போ’ என்றார். அந்த ‘இருந்தா’ என் கழுத்தில் கட்டிவிட்ட கயிறு. பஸ்ஸில் ஒரு பேச்சு கிளம்பினால் என் மெஷின் போய்விடும். இது எனக்குத் தெரியும், தினமும் ஏறும்போது தெரியும்.

மகளிர் தினத்துக்கு எங்கள் கம்பெனி கேன்டீனில் ஒரு கராத்தே மாஸ்டரை வரவழைத்தார்கள். நாற்பது பெண்களையும் கால் அகட்டி நிற்கச் சொன்னார். இப்படித் தடுங்கள், இப்படி உதையுங்கள் என்றார். நாங்களும் மத்தியானச் சாப்பாடு தொண்டையில் நிற்க உதைத்தோம். கடைசியில் சந்தேகம் கேட்கலாம் என்றார். நான் கையைத் தூக்கினேன். எனக்கே ஆச்சரியம்.

“உக்காந்துகினு இருந்தா இன்னா சார் பண்றது?”

அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காட்டினார். பக்கத்தில் இருப்பவனை முழங்கையால் இடிப்பது, காலால் மிதிப்பது.

“ஆளு பின்னாடி சீட்ல இருந்தா சார்? மடியில பை இருந்தா?”

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். நாற்காலிக்குப் பின்னால் ஒன்றுமில்லை. தலையைச் சொறிந்துகொண்டு, “எழுந்து வேற சீட்டுக்குப் போய்டுங்கம்மா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பஸ்ஸில் வேறு சீட்! அக்காதான் ஜாஸ்தி சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் சும்மா இருக்கமாட்டார், பஸ்ஸையே ரெண்டாக்கிவிடுவார்.

அதன் பிறகு ஒரு வாரம் இருக்கும். டீ பெல்லுக்கு இரண்டு நிமிஷம் முன்னால் என் மெஷினில் ஊசி உடைந்தது.

ஊசி உடைவது பெரிய விஷயமில்லை. உடைந்த பிறகு செய்வதுதான் பெரிய விஷயம். எல்லாத் துண்டையும் பொறுக்கி லீடரிடம் கொடுக்க வேண்டும். லீடர் அவற்றைச் சேர்த்து வைத்து முழு ஊசி இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி எழுதிக் கையெழுத்துப் போடுவார். அப்புறம்தான் புது ஊசி. அன்று முனைத் துண்டு என் மடியிலேயே விழுந்தது. தோல் தைக்கிற ஊசியின் முனை துணி ஊசி மாதிரி உருண்டையாக இருக்காது. பட்டையாக, சின்னக் கத்தி மாதிரி இருக்கும், தோலை வெட்டிக்கொண்டு போக வேண்டுமே. அதை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தேன். பெல் அடித்தது. ஒரு துண்டு டேப்பில் சுருட்டி, டீக்கு வெளியே போகிற வழியில், வாசலுக்கு வெளியே ராக்கில் இருந்த என் சாப்பாட்டுப் பையின் கைப்பிடி ஸ்பாஞ்சுக்குள் குத்தி வைத்தேன். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்பதைத் தவிர இதற்கு நான் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

முன்பெல்லாம் முனை கிடைக்கவில்லை என்றால் தரையில் காந்தத்தை வைத்து ஒரு தடவை துழாவுவார்கள். நோட்டில் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். அப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன். அந்த வாரம் ஓடியது குழந்தைகள் ஷூ. அதற்குச் சட்டம் வேறு என்று என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. பாதி ஊசியோடு போய் நின்றேன், அக்கா முகம் மாறியது. லைன் நின்றது. தரையைப் பெருக்கி, குப்பையைக் கொட்டிக் கிளறி, மெஷின்களை நகர்த்தி, காலையிலிருந்து தைத்த ஒவ்வொரு ஜோடியையும் மெட்டல் டிடெக்டரில் விட்டார்கள். மதியம் பையிலிருந்து எடுத்துவந்து மெஷின் அடியில் போட்டுவிடலாம் என்று போனேன். வாசலில் கை டிடெக்டரோடு செக்யூரிட்டிப் பெண் நின்று, உள்ளே வருகிற ஒவ்வொருத்தியையும் தடவிக்கொண்டிருந்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அக்கா முட்டிவலியோடு தரையில் மண்டி போட்டு, டார்ச்சை அடித்துத் தேடிக்கொண்டிருந்தார். நானும் அவர் பக்கத்தில் மண்டி போட்டுத் தேடினேன். இதை எழுதவே எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

அன்று ஒரு மணி நேரம் கழித்துத்தான் விட்டார்கள். வழக்கமான பஸ் போய்விட்டது. அடுத்ததில் ஏறினோம். அந்த ஆள் இருக்கமாட்டான் என்ற ஒரே ஆறுதலோடு உட்கார்ந்தேன். அவனுக்கும் அன்று என்ன தாமதமோ, ஆண்கள் வரிசையின் முதல் சீட்டில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தான்.

அக்கா அன்று தூங்கவில்லை. “நோட்ல இன்னா எழுதறதுன்னே தெரியல. நாளைக்கு எனக்குத்தான் மெமோ” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “மெமோ கூட போவட்டும். அந்த முனை எந்தக் கொழந்தை கால்ல ஏறப் போவுதோ” என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். கைப்பிடி என் உள்ளங்கையிலேயே இருந்தது. ஸ்பாஞ்சுக்குள் அந்த முனை இருப்பது விரலுக்குத் தெரிந்தது. வாணியம்பாடி தாண்டி தோப்பு வந்ததும் ஜன்னல் வழியாகப் போட்டுவிடுவது, குழந்தை காலில் போகாது என்று எனக்காவது தெரியும், அத்தோடு முடியட்டும் என்று நினைத்தேன். தோப்பு வந்தது. மடியில் இருந்த மூன்று பைகளுக்கு அடியில் கையை விட்டு, முனையை மெல்ல உருவி, டேப்பைப் பிரித்து, ஜன்னலுக்குக் கொண்டுபோனேன்.

அந்த நேரம் பார்த்து இடுக்கு வழியாகக் கை வந்தது.

குத்தினேன். முதல் குத்து பயத்தில். அது போதும். ஆனால் இரண்டாவது தடவையும் குத்தினேன், அது எட்டு மாதத்துக்கு.

அவன் போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக் அடித்தார். லைட்டைப் போட்டார்கள். தேய்த்த சட்டையில் ரத்தம். “ஊசியால குத்திட்டா! சும்மா கம்பியைப் புடிச்சிகினு உக்காந்திருந்தேன், ஊசி போட்டுட்டா!” என்றான். ஊசி என்றதும் கூட்டம் பதறியது, என்ன மருந்தோ என்ன வியாதியோ என்று. “கையை வெச்சான்” என்றேன். “அவரா? அவர் அப்படிப்பட்ட ஆளு இல்லம்மா” என்றது ஒரு குரல். “ஓசியில வந்துகினு ஆம்பளையக் குத்துதுங்க” என்றது இன்னொன்று. கண்டக்டர் வந்து, “இன்னாம்மா இது? ஊசி வெச்சிருக்கியா? காட்டு. ஸ்டேஷனுக்கு வுடட்டுமா வண்டிய?” என்றார்.

ஸ்டேஷன் என்றால் வீட்டுக்குப் போன் போகும். ஊசி என்றால் கம்பெனிக்குப் போன் போகும். இரண்டு பக்கமும் என் மெஷின்தான் போகும். நான் பைகளைக் கட்டிப் பிடித்தபடி குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். முனை எங்கே விழுந்தது என்று தேடவும் பயம்.

அது எனக்கும் அக்காவுக்கும் நடுவில் சீட்டின்மேல் கிடந்தது. அக்கா அதைப் பார்த்தார். எட்டு மணி நேரம் தேடிய கண் அது, ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்னும் பின்னும் நான் யாரிடமும் வாங்கியதில்லை. பிறகு உள்ளங்கையை அதன்மேல் வைத்து மூடி, எழுந்து நின்றார்.

“ஊசியும் இல்ல ஒண்ணும் இல்ல. இந்த இடுக்குல தகரம் பிஞ்சிகினு இருக்குது. கையை உள்ள வுட்டா கிழிக்காம முத்தமா குடுக்கும்? நீ கம்பியத்தான புடிச்சிகினு இருந்த? கம்பி மேல இருக்குது. கீழ இன்னா வேலை உன் கைக்கு?”

பஸ்ஸில் யாரோ பெண் சிரித்தாள். பிறகு இன்னும் சிலர். கண்டக்டர் குனிந்து இடுக்கைப் பார்த்தார், அவன் கையைப் பார்த்தார், விசில் அடித்தார். அடுத்த ஸ்டாப்பில் அவன் இறங்கிப் போய்விட்டான். அது அவன் ஸ்டாப் இல்லை.

அதன் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. நான் இறங்குகிற இடம் வந்தபோதுதான், முன் சீட்டைப் பார்த்தபடியே, “இதை நான் குடுத்துக்கறேன். நீ வாயத் தொறக்காத” என்றார்.

“அக்கா...”

“மண்டி போட்டுத் தேடினியேடி என் கூட.”

மறுநாள் வாசலில் லீடர்களைத் தடவாமல் உள்ளே விட்டார்கள். அக்கா அந்த முனையை, தன் மேஜை விரிப்புக்கு அடியில் இருந்ததாகச் சொல்லிக் கொடுத்தார். நிறுத்தி வைத்த ஷூக்களெல்லாம் பேக்கிங்குக்குப் போயின. உன் மேஜையிலேயே இருந்ததை ஒரு நாள் முழுக்கத் தேடினாயா என்று சூப்பர்வைசர் கத்தினார். மெமோ கொடுத்தார்கள். அதோடு லீடர்கள் போடுகிற மஞ்சள் கோட்டை வாங்கிக்கொண்டு எங்களைப் போல நீலக் கோட்டு கொடுத்தார்கள். அக்கா அதைப் போட்டுக்கொண்டு மடிப்பு மேஜையில் போய் உட்கார்ந்து, தோலின் ஓரத்தை மடக்கிச் சுத்தியால் தட்டத் தொடங்கினார். பத்தொன்பது வருஷ சர்வீஸ். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் செய்கிற வேலை.

நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது நாள் திறக்கவில்லை. அக்காவே சொல்லிவிட்டார், நான் என்ன செய்ய என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையன் படிப்பைச் சொல்லிக்கொண்டேன். அந்தச் சுத்தியல் சத்தம் மட்டும் என் மெஷின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டுக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் அக்கா வேறு ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த ஆள் நாலு நாள் வரவில்லை. பிறகு வந்தான், கையில் பிளாஸ்திரியோடு, வேறொரு சீட்டில். இனிமேல் நான் நிம்மதியாகத் தூங்கலாம். எங்கே தூங்க.

பத்தாம் நாள் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் மஞ்சள் கோட்டு மடித்து வைத்திருந்தது.

“லைன்ல அடுத்த சீனியர் நீதான். போட்டுக்கோ. ஊசி நோட்டும் இனிமே உன்கிட்டதான் இருக்கும். ஒழுங்கா பார்த்துக்கோ.”

இதைப் போட்டுக்கொண்டால் என் வேலையை யாரும் அசைக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. கை கோட்டைத் தொடவும் தொட்டது. என்னால் எடுக்க முடியவில்லை. நல்லவளாக இருக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் இல்லை. நான் அவ்வளவு களைத்துப் போயிருந்தேன். இன்னும் ஒரு பொய்யைத் தூக்கி மேலே போட்டுக்கொள்ள உடம்பில் வலு இல்லை.

“முனையை எடுத்தது நான்தான் சார்” என்றேன்.

ஆபீஸில் உட்கார வைத்து எழுதி வாங்கினார்கள். எதற்கு எடுத்தாய் என்று கேட்டார்கள். பஸ்ஸுக்கு என்றேன். பஸ்ஸுக்கு என்றால்? சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பெண் ஒரு நிமிஷம் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு குனிந்து எழுதினாள். அவள் என்ன செய்வாள், அந்த ஆள் எங்கள் கம்பெனி இல்லையே. ஏழு நாள் சஸ்பென்ஷன். இன்னொரு தடவை நடந்தால் வெளியே. அக்காவின் மெமோவைத் திரும்பப் பெறுவார்களா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார்கள். கோட்டு அவருக்குத் திரும்பி வர ஒரு மாதம் ஆனது. கடைசியாக, “வீட்டுக்காரரை வரச் சொல்லு, அவர் கையெழுத்து வேணும்” என்றார்கள். எனக்கு நாற்பத்திரண்டு வயது.

அவர் லோடு வண்டியோடே வந்தார். நான் எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டார். வண்டியில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார். வாணியம்பாடி வந்தது.

“எத்தனை நாளா?” என்றார்.

“எட்டு மாசமா.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நிறுத்திடுவீங்க.”

“பின்ன இன்னா, போய்கினே இருன்னு சொல்வாங்களா? போதும். நாளையிலருந்து கம்பெனியும் வேணாம், ஒண்ணும் வேணாம். வீட்ல இரு.”

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பத்து வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே குரல். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஏதோ மூட்டையைக் கீழே வைக்கிற மாதிரி இருந்தது.

“அவனுக்கு பயந்து ஊசியை எடுத்தேன்” என்றேன். “உங்களுக்கு பயந்துதான் வாயை மூடிகினு உக்காந்திருந்தேன். எது ஜாஸ்தி கஷ்டமா இருந்துதுன்னு கேளுங்க.”

வண்டி வேகம் குறைந்தது. ஓரமாக நிறுத்தினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கேட்பார் என்று நான் காத்திருந்தேன். கேட்கவில்லை. பிறகு கியரைப் போட்டார்.

அந்த ஏழு நாளும் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாமியார் சேலைப் பழமொழியைத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எட்டாம் நாள் விடியற்காலை நான் தலை சீவிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார்.

“எங்க?” என்றார்.

“வேலைக்கு.”

போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. சொல்லட்டும் என்று நானும் நிற்கவில்லை.